பொன்மணி ஒப்பாரி

எனக்குப் பெயர் மகாராஜன். தொழில், நாடகத்தில் பபூன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இந்த நாற்பத்தொன்பது வயதில், இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு என் மாமனாரும் சிரித்தார். சிரித்த கையோடு பெண்ணையும் கொடுத்தார். பாவம், நல்ல மனுஷன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு வந்து மகாராஜன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டீச்சர் வீடு என்று கேட்க வேண்டும். என் மனைவி பொன்மணிக்கு அங்கன்வாடியில் வேலை. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்கியவள். தறி ஓட்டுகிற ஆம்பிளைகள் அவளைக் கண்டால் பீடியை மறைப்பார்கள். என்னைக் கண்டால் பீடி கேட்பார்கள்.

எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் ஒரு ஊரிலிருந்து, டான்சர் இன்னொரு ஊரிலிருந்து. மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொல்லிக்கொள்வோம். வள்ளியும் முருகனும் வருகிறவரை ஒரு மணி நேரம் கூட்டத்தைப் பிடித்து வைப்பது பபூன் வேலை. எழுதி வைத்த வசனம் இல்லை, வாயில் வருவதுதான் வசனம். என் வாயில் வந்ததெல்லாம் பொன்மணி.

"எம் பொண்டாட்டி பொன்மணி அவிச்ச இட்லி ஒண்ண லாரி உருளாம டயருக்கு அண்டக் குடுத்தேன். டிரைவரு ரிட்டயரே ஆயிட்டாரு, லாரி இன்னும் அங்கனதான் நிக்கி" என்பேன். கூட்டம் உருளும். "பொன்மணி குறட்டை விட்டா, கரண்டு போன அன்னைக்கும் தறி ஓடுதுன்னு முதலாளி நிம்மதியாத் தூங்குவாரு" என்பேன். மறுபடி உருளும். புதுக்கோட்டை, மணப்பாறை, பரமக்குடி என்று எத்தனையோ ஊரில் பொன்மணியை விற்றுத்தான் நான் சாப்பிட்டேன். அவளும் அதில்தான் சாப்பிட்டாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவளுக்கு அங்கன்வாடிச் சம்பளம் இருந்தது. பல மாதம் நானே அதில்தான் சாப்பிட்டேன்.

இது அவளுக்குத் தெரியாமல் இருபத்திரண்டு வருடம் ஓடியதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவள் நாடகம் பார்க்க வரமாட்டாள். "நீங்க வேற பொம்பளையோட ஆடுததப் பாக்க நான் பஸ்ஸுக்கு வேற காசு குடுக்கணுமாக்கும்" என்பாள். இன்னொன்று, உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது. சங்கரன்கோவிலில் ஒரு கோயில் கமிட்டிக்காரனும் என்னைக் கூப்பிட்டதில்லை. அதை நினைத்து நான் வருத்தப்படுவதுபோல நடிப்பேன். அந்த ஒரு நடிப்பு மட்டும் எனக்கு நன்றாக வரும்.

இனி ஒப்பாரிக்கு வருகிறேன். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி, பங்குனி மாதம். எங்களுக்கு அதுதான் அறுவடைக் காலம், தினம் ஒரு ஊர். பொன்னமராவதிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். காலை எட்டு மணிக்குப் பொன்மணி போன் போட்டாள். வாசுதேவநல்லூரில் அவள் அப்பா போய்விட்டார். "சீக்கிரம் வாங்க" என்றாள். "கிளம்பிட்டேன் பொன்மணி, பஸ் ஏறிட்டேன்" என்றேன். ஏறவில்லை. கையில் வடை இருந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு நாடகத் தேதி இருந்தது. எங்கள் தொழிலில் தேதி கொடுத்தால் கொடுத்ததுதான். "வீட்டுல பிணம் கிடந்தப்பவும் குடுத்த தேதிக்கு மேடை ஏறினவன் நான்" என்று ரொம்ப நாள் இதை மார் தட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பச்சைப் பொய். மதுரைக்கு ஒரு போன் போட்டால் என் இடத்தில் ஏற நாலு பபூன் தயாராக இருந்தார்கள். வருகிறவன் என்னைவிட நன்றாகச் சிரிக்க வைத்துவிட்டால்? கமிட்டி அடுத்த வருடமும் அவனையே கூப்பிட்டுவிட்டால்? பயம் ஐயா, பயம். அவள் திரும்பக் கூப்பிடுவாள் என்று போனையும் அணைத்து வைத்தேன். வாசுதேவநல்லூருக்கு மூன்றாம் நாள்தான் போனேன். "சாப்பிடுதியளா?" என்றாள் பொன்மணி, சோறு போட்டாள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு ஊரில் என்ன சொல்லியும் கூட்டம் சிரிக்கவில்லை. இட்லி போணியாகவில்லை, குறட்டையும் போணியாகவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் துண்டை எடுத்து முக்காடு போட்டேன், காலை நீட்டி உட்கார்ந்தேன், மாரில் அடித்துக்கொண்டேன். "எம் மாமனாரு செத்த அன்னைக்கு எம் பொண்டாட்டி பொன்மணி அழுததப் பாக்கணுமே!" என்று எடுத்துவிட்டேன்.

"கிரைண்டரு தந்தீரே, என்னப் பெத்த ஐயா,
கல்லு தேஞ்சு போச்சுதே!
மிக்சி தந்தீரே, என்னப் பெத்த ஐயா,
மோட்டாரு எரிஞ்சு போச்சுதே!
மாப்பிள்ள தந்தீரே, என்னப் பெத்த ஐயா,
இதுக்கு மட்டும் கேரண்டி கார்டு எங்க வச்சீரே!"

பந்தல் அதிர்ந்தது. அன்றைக்கே அது என் முத்திரை ஆகிவிட்டது. நான் பார்க்காத அழுகையை, அவள் அழுததாக, பதினோரு வருடம் அழுது காட்டினேன். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். விதி அங்கேதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது.

போன வருடம் சித்திரையில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கமிட்டியில் எல்லாம் இளவட்டங்கள். அதில் லிங்கேஷ் என்று ஒருத்தன், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான், எனக்குத் தூரத்து மருமகன் முறை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, ஊரெல்லாம் ஒங்களக் கொண்டாடுது, நம்ம தெரு கூப்பிடாம இருந்தா கேவலம்லா!" என்றான். பொன்மணி காபி கொண்டுவந்தாள். அவள் முன்னால் எப்படி மாட்டேன் என்பது? எத்தனை வருடம் உள்ளூர்க்காரர்களைத் திட்டியிருக்கிறேன்! சரி என்றேன்.

நாலு நாள் கழித்து நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் போட்டோவுக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: "'பொன்மணி ஒப்பாரி' புகழ், சிரிப்புச் சுரங்கம், மண்ணின் மைந்தன் மகாராஜன்."

மறுநாள் விடியும் முன்னே ஒரு வாளியில் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு, பழைய பேப்பரைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டு கிளம்பினேன். சுவர் சுவராகப் போய் அந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் மேலே ஒட்டினேன். நோட்டீஸில் பெயர் சின்னதாகப் போட்டுவிட்டான் என்று சண்டைக்குப் போன நடிகர்கள் உண்டு. தன் புகழுக்குத் தானே பசை தடவினவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் லிங்கேஷ் பார்த்துவிட்டான்.

"மாமா, என்ன செய்திய?"

"காக்கா எச்சம் மக்கா. அதான் மறைக்கேன்."

"எல்லா நோட்டீஸ்லயும் ஒரே எடத்துலயா மாமா?"

"ஒரே காக்காவா இருக்கும். போ, பூ வாடிரும்."

பத்தொன்பது நோட்டீஸை மறைத்தேன். இருபதாவது, அங்கன்வாடிக் காம்பவுண்டுக்கு உள்பக்கச் சுவரில் இருந்தது. கேட்டில் பூட்டு. சாவி பொன்மணியின் இடுப்பில்.

அன்று வேலை முடிந்து கையில் போனோடு வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"பொன்மணி ஒப்பாரின்னா என்னது?"

"அதுவா? அது நாடகத்துல ஒரு பாத்திரம். பாண்டிய நாட்டு ராணி."

"ராணி பேரு பொன்மணியா?"

"ஆமா."

"அந்த ராணிக்கு அப்பா செத்துட்டாவளோ?"

"ஆமா… யுத்தத்துல."

"சரி" என்றாள். பொன்மணி ஏசினால் நான் பயப்படமாட்டேன், ஏச்சுக்கு என் உடம்பு பழகியது. அவள் "சரி" என்றால்தான் எனக்குக் கை கால் ஓடாது. அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே சொன்னாள்: "வெள்ளிக்கெழம நானும் நாடகம் பாக்க வாரேன். பாண்டிய நாட்டு ராணி எப்படி அழுதான்னு பாக்கணும்லா."

அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால், கதவுக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. அவள் சேலைகள், சீப்பு, போன் சார்ஜர். வாசுதேவநல்லூரில் அவள் அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மைக் முன்னால் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிற வாய் இது. பொன்மணி போய்விட்டால் எனக்கு வீடு கிடையாது, தெருவில் பெயர் கிடையாது. சொல்லப்போனால் நடிக்கச் சரக்கும் கிடையாது. இதில் மூன்றாவதைத்தான் எனக்கு முதலில் நினைக்கத் தோன்றியது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

பொன்மணி இல்லாமல் ஒரு மணி நேரம் தேற்றலாம் என்று நோட்டும் பேனாவுமாக மூன்று நாள் உட்கார்ந்தேன். பஸ் கண்டக்டர் என்று எழுதினேன். கொசு என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. என்னோடு ஆட வருகிற டான்சர் ஜெயசித்ராவுக்கு கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். "ஏட்டி, பொன்மணிய விட்டுட்டு ஆடுனா எப்படி இருக்கும்?" என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "அக்காவ எடுத்துட்டா ஒங்ககிட்ட மிச்சம் என்னண்ணே இருக்கு? அந்தப் பபூன் தொப்பிதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை. போலீஸ் அனுமதி பதினொன்று வரைதான் என்பதால் எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். மைக் செட்டு கடையநல்லூர் அப்துல் மஜீது பாய். மைக் செட்டும் அவர்தான், இந்தப் பக்கத்துக்கு எங்களைப் போன்றவர்களுக்குத் தேதி பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். படுதாவை விலக்கிப் பார்த்தேன். முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்மணி, கல்யாணப் பட்டுச் சேலையில். இரண்டு பக்கமும் தெருப் பெண்கள். எனக்கு ஒண்ணுக்கு முட்டியது.

மேடை ஏறினேன். கண்டக்டரைச் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. கொசுவைச் சொன்னேன். ஒரு பெரியவர் காலில் கொசு அடித்தார், அவ்வளவுதான். ஆர்மோனியக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பக்கவாட்டிலிருந்து லிங்கேஷ் கத்தினான்: "மாமா, ஒப்பாரி!" பிறகு கூட்டமே கத்தியது. "ஒப்பாரி! ஒப்பாரி!" நான் காது கேட்காதவன்போல நடித்தேன். கொசுவுக்கு ஒரு பொண்டாட்டி உண்டு என்று வளர்த்தேன்.

அந்த நேரத்தில் லிங்கேஷ் ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கொண்டுவந்து கையில் கொடுத்தான். நாடகத்தில் இது வழக்கம். ஊர்க்காரர்கள் அன்பளிப்புத் தருவார்கள், சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு வார்த்தை விடாமல் பபூன் மைக்கில் படிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் கொடுத்தவருக்கு மரியாதைக் குறைவு, அடிதடியே நடந்திருக்கிறது. முன்கூட்டி மனதுக்குள் வாசித்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது, கண் பார்க்கும், வாய் கத்தும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கத்திவிட்டேன்.

"அன்பளிப்பு ரூபாய் நூறு! வழங்குபவர், அங்கன்வாடி டீச்சர் பொன்மணி அவர்கள்!"

கைதட்டல். ஆனால் சீட்டு மிச்சம் இருந்தது, படித்துத்தான் ஆக வேண்டும்.

"எங்க ஐயா செத்த அன்னைக்கு நான் எப்படி அழுதேன்னு, அன்னைக்கு அங்கன இல்லாத எங்க வீட்டுக்காரங்க நடிச்சுக் காட்டணும்னு கேட்டுக்கிடுதேன்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. புருஷனும் பொண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். பொன்மணி சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பாட்டுச் சொல்வதைக் கேட்கிற மாதிரி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் துண்டை எடுத்து முக்காடு போட்டேன். காலை நீட்டி உட்கார்ந்தேன். கையை ஓங்கினேன். கை மாருக்கு வரவில்லை, அந்தரத்திலேயே நின்றது. கிரைண்டரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவள் எப்படி அழுதாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அதை அந்த நிமிஷம்தான் உணர்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, பவுடர் கோடு கோடாக வழிந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "என்னமா நடிக்கான் பாருல!" என்று எவனோ சொன்னது காதில் விழுந்தது. பபூன் அழுதால் யார்தான் நம்புவார்கள்? ஆர்மோனியக்காரர் முகாரியில் இழுத்துவிட்டார். ஜெயசித்ரா தன் முறை வரும் முன்னே சலங்கையோடு ஓடிவந்து என்னைக் காலால் எத்தி எழுப்பி, நாடகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குக் கோடிப் புண்ணியம்.

முடிந்ததும் மஜீது பாய் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "வே, அந்தப் பேசாம உக்காந்து அழுதது புதுசா? மாஷா அல்லா! அத அப்படியே வச்சுக்கிடும், அடுத்த வருசம் ரேட்டக் கூட்டிருவோம்" என்றார்.

வீட்டுக்குப் போனேன். பொன்மணி பட்டுச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். பை கதவுக்குப் பின்னால் இருந்து கட்டிலுக்கு வந்திருந்தது. நான் முகத்தைக்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்புதான் பொன்மணி. செருப்பக் கழத்தி அடி. நீ அழுதத நான் பாக்கல, பாக்காமலே…"

"நான் எங்க அழுதேன்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னாள்.

"பஸ் ஏறிட்டேன்னு சொன்னியல்லா. நாலு மணிக்குத் தூக்கணும்னாவ. மருமகன் வந்துக்கிட்டு இருக்காவ, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு நான் ரோட்டுல வந்து நின்னேன். ராசபாளையத்துல இருந்து ஒரு பஸ் வந்துது, நீங்க இல்ல. அடுத்தது வந்துது, அதுலயும் இல்ல. எம் தம்பி வந்து கூப்பிட்டான். இன்னும் ஒரு பஸ் பாத்துருவோம்டான்னேன். அதையும் பாத்துட்டுத் திரும்பி ஓடுதேன், பொழுது போகுதுன்னு தூக்கிட்டாவ. தெரு முக்கு திரும்பிட்டாவ. எங்க ஐயாவுக்கு நான் வாய்க்கரிசிகூடப் போடல. எல்லாரும் அழுதாவ. எனக்குப் பஸ்ஸப் பாக்கதுக்கே நேரம் சரியாப் போச்சு."

பதினோரு வருடம் ஊர் ஊராக அழுதேனே, அதில் பஸ் எங்கேயும் வரவில்லை. வடை தின்றுகொண்டு நான் சொன்ன ஒரு பொய், ஒரு மகளை ரோட்டில் நிற்க வைத்துவிட்டது. நான் அவள் காலைத் தொடப் போனேன். "நடிக்காதிய, எந்திரிங்க" என்றாள். நடிக்கவில்லை என்று எதை வைத்து நிரூபிப்பது?

விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசுதேவநல்லூருக்குப் போனாள். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் அவித்த இட்லியை நானே தின்றேன். லாரிக்கு அண்டக் கொடுக்க அதுதான் சரியான இட்லி. பத்தாம் நாள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "இட்லி, கொறட்டை எல்லாம் சொல்லிக்கிடுங்க, ஒங்க பொழப்பு. எங்க ஐயாவ மட்டும் விட்டுருங்க."

விட்டுவிட்டேன். மஜீது பாய்க்கு இன்றைக்கும் அதில் வருத்தம்தான்.

இந்தப் பங்குனியில் மாமனாருக்கு வருஷப் படையல். ஒவ்வொரு வருடமும் பொன்மணி தனியாகத்தான் போவாள், நான் எங்கேயாவது தேதியில் இருப்பேன். இந்தத் தடவை டைரியில் அந்த நாளுக்கு நேரே, யாரையும் கேட்காமல், முதல் ஆளாக 'வாசுதேவநல்லூர்' என்று எழுதி வைத்தேன். காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அவளுக்கு ஜன்னலோரம். மடியில் அதே பை, அதில் இந்த முறை என் வேட்டியும் இருந்தது. பஸ் புளியங்குடியைத் தாண்டும்போது மஜீது பாயிடமிருந்து போன்.

"வே மகாராஜன், எங்கன இருக்கீரு? பனவடலிசத்திரத்துல இன்னைக்கு நாடகம். பேசுன பபூன் வரல. நல்ல கமிட்டி வே, கேட்டதக் குடுப்பாவ. ஒடனே வாரும்."

"முடியாது பாய். ஒரு சாவு. வாசுதேவநல்லூர் போய்க்கிட்டிருக்கேன்."

"இன்னாலில்லாஹி… யாரு வே?"

"மாமனாரு."

"வே, அவரு மவுத்தாயி பதினோரு வருசம் ஆச்சுல்லா?" என்றார்.

"பன்னெண்டு பாய்" என்றேன். "எனக்கு இப்பத்தான் பஸ் கெடச்சுது."